தொந்திக் கரடியின் நான்காவது அடி

ஜூன் 1, இரவு பதினொன்றரை

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள். கிழித்ததையும் ஒரே குப்பைத்தொட்டியில் போடாதீர்கள், இரண்டு தொட்டிகளில் போடுங்கள்.

நான் யாரென்று தெரிகிறதா? உங்கள் தம்பி மகள். ஆறு வருடத்துக்கு முன்பு நீங்கள் இந்த வீட்டை விட்டுப் போனபோது எனக்கு ஏழு வயது, முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. நீங்கள்தான் எனக்குச் சுண்டெலி என்று பெயர் வைத்தீர்கள். பல் முளைத்துவிட்டது, பெயர் மட்டும் போகவே இல்லை. அம்மாவின் டைரியில் உங்கள் முகவரி இருந்தது. அம்மாவுக்கு இந்த வாரம் ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி. அப்பா தூங்குகிறார். நான் போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம், பயம் பாதிக் காரணம்.

அத்தை, நான் தொந்தியை உடைத்துவிட்டேன்.

தாத்தா பொம்மைக் கடை திறந்த அன்று கண்ணாடிப் பெட்டியில் வைத்த அதே தகரக் கரடிதான். வயிற்றில் மத்தளம், கையில் இரண்டு குச்சி, முதுகில் சாவி. இப்போது கடையில் என்னென்னவோ வந்துவிட்டது, ஆனாலும் உள்ளே வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். அப்பா வருடத்துக்கு ஒரே ஒரு நாள்தான் அதற்குச் சாவி கொடுப்பார், கடையின் பிறந்தநாளன்று. மற்ற நாளெல்லாம் பெட்டியைத் துடைப்பது என் வேலை. அதனால் பெட்டிச் சாவி என்னிடம்தான் இருக்கும்.

தொந்தி எப்போதும் மூன்று அடி அடித்துவிட்டு ஒரு அடியை விட்டுவிடும், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டம், டம், டம், பிறகு ஒன்றுமில்லை. மறுபடி டம், டம், டம். அந்த நான்காவது அடி எங்கே போகிறது என்று எனக்குச் சின்ன வயதிலிருந்து ஆசை. பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்று நேற்று முதுகில் இருந்த நான்கு திருகாணியையும் கழற்றினேன். உள்ளே சுருள் இருப்பது எனக்குத் தெரியும், அது கோபக்காரச் சுருள் என்பது தெரியாது. சர்ரென்று அவிழ்ந்தது. ஏதோ ஒன்று தெறித்து அலமாரிக்கு அடியில் போனது. குச்சியைத் தூக்கும் பித்தளைச் சக்கரத்தில் நான்கு பல் இருக்க வேண்டும். ஒன்று பழைய காலத்திலேயே போயிருக்கிறது, அதனால்தான் அந்த நொண்டித் தாளம். இப்போது இன்னொன்றும் போய்விட்டது. மீதி இரண்டு.

ஜூன் 22 கடைக்கு ஐம்பதாவது பிறந்தநாள். பத்திரிகையில் இருந்து போட்டோ எடுக்க வருகிறார்கள். எல்லோர் முன்னாலும் அப்பா சாவி கொடுப்பார்.

அப்பா அடிக்க மாட்டார், திட்டவும் மாட்டார். பேசாமல் இருப்பார். உங்களிடம் ஆறு வருடமாகப் பேசாமல் இருக்கிறவர் அவர். என்னிடமும் ஆறு வருடம் பேசாமல் இருந்தால் எனக்குப் பத்தொன்பது வயது ஆகிவிடும்.

உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், நீங்கள் போன அன்று நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். தாத்தா இறந்த பிறகு அவர் சாமான்களை நீங்களும் அப்பாவும் பிரித்துக்கொண்டிருந்தீர்கள். “எனக்கு வேற எதுவும் வேணாம்டா, தொந்தியை மட்டும் குடு”ன்னு நீங்கள் கேட்டீர்கள். அப்பா, “சின்ன வயசுல ஒரு தடவை உடைச்சது போதாதா?” என்றார். நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கிவிட்டீர்கள்.

ஆகவே தொந்தியை உடைத்த அனுபவம் நம் குடும்பத்தில் உங்களுக்குத்தான் இருக்கிறது. அப்போது என்ன செய்தீர்கள்? தயவுசெய்து சொல்லுங்கள்.

பதிலை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். பக்கத்துக் கடைத் தையல்கார அக்காவின் முகவரி பின்பக்கம் இருக்கிறது. அவர் எதையும் கேட்க மாட்டார், வாயில் எப்போதும் குண்டூசி வைத்திருப்பார்.

சுண்டெலி


ஜூன் 4

சுண்டெலிக்கு,

உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். முதல் பக்கம் படித்துச் சிரித்தேன். கடைசிப் பக்கம் படித்ததும் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டேன்.

முதல் விஷயம். நான் தொந்தியை உடைக்கவில்லை. இன்னொரு முறை எழுதுகிறேன், போர்வைக்குள் சரியாகத் தெரியாமல் போய்விடப் போகிறது. நான். உடைக்கவில்லை.

எனக்குப் பத்து வயது, உன் அப்பனுக்கு எட்டு. ஒரு நாள் காலையில் தொந்தி மூன்று அடியோடு நின்றது. முந்தின நாள் பெட்டியைத் துடைத்தது யார்? நான். அவ்வளவுதான் விசாரணை. எங்கள் அப்பா என்னிடம் ஒரு மாதம் பேசவில்லை. “உப்பை எடுத்துக் குடுக்கச் சொல்லு அவளை”ன்னு பக்கத்தில் இருக்கிற என்னிடமே ஆள் விட்டுச் சொல்லுவார். உன் அப்பன் நடுவில் உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். நம் குடும்பத்தில் கோபம் வந்தால் வாயைத் தைத்துக்கொள்வது தலைமுறை வியாதி. உங்கள் தையல்கார அக்காவுக்குக்கூட இவ்வளவு நன்றாகத் தைக்க வராது.

எனக்குச் சந்தேகமெல்லாம் கடைப் பூனை மேல்தான். அது பெட்டிக்கு மேலே ஏறிப் படுக்கும். இத்தனை வருடமாக மனசுக்குள் அந்தப் பூனையைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த நொண்டித் தாளத்தை நானும் உன் அப்பனும் எங்கள் சொத்தாக்கிக்கொண்டோம். நான் கதவை மூன்று தட்டுத் தட்டுவேன். அவன் உள்ளேயிருந்து நான்காவதைத் தட்டுவான். அப்புறம்தான் கதவு திறக்கும். நான்காவது தட்டு வராவிட்டால் உள்ளே பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம், நான் ஓடிவிடுவேன். இதை ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. எழுதியதை அடித்துவிட மனமில்லை, இருக்கட்டும்.

இரண்டாவது விஷயம். நான் என்ன வேலை செய்கிறேன் என்று உனக்கு யாராவது சொன்னார்களா? பல்செட் செய்யும் பட்டறையில் இருக்கிறேன். டாக்டர்கள் வாயின் அச்சை எடுத்து அனுப்புவார்கள், நாங்கள் பல் செய்து அனுப்புவோம். என் மேஜையில் இப்போது முப்பத்திரண்டு பேருடைய சிரிப்பு உட்கார்ந்திருக்கிறது, ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது. எங்கள் முதலாளிக்கே முழு செட்தான். நான் செய்தது. அதனால் என்னைத் திட்டும்போது கொஞ்சம் ஜாக்கிரதையாகத் திட்டுவார்.

ஆக, பல் போனதற்கெல்லாம் பயப்படாதே. அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பஞ்சில் சுற்றித் தீப்பெட்டிக்குள் வைத்து அனுப்பு. மிச்சமிருக்கும் பல்லைப் பார்த்து அச்சு எடுத்துக்கொள்வேன். சுருளைத் தொடாதே. தொட்டாலும் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்.

இதை உனக்காகச் செய்கிறேன். உன் அப்பனுக்காக இல்லை. அவன் கேட்டால் ஒரு கடைவாய்ப் பல்கூடச் செய்து தர மாட்டேன்.

இப்படிக்கு,
உடைக்காத அத்தை


ஜூன் 7, இரவு

அன்புள்ள அத்தைக்கு,

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் உடைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று இப்போது கேட்காதீர்கள்.

தீப்பெட்டி இந்தக் கவரில் இருக்கிறது. சக்கரத்தைக் கழற்ற அரை மணி நேரம் ஆனது. நேற்று மதியம் அப்பா பொம்மைப் பெட்டிகள் வந்த லாரியிடம் இருந்தார், அப்போது செய்தேன். நடுவில் அப்பா, “சுண்டெலி, என்ன சத்தமே காணோம்?” என்றார். “துடைக்கிறேம்ப்பா” என்றேன். “ஒரு கரடியை எவ்வளவு நேரம் துடைப்பே, குளிப்பாட்டுறியா?” என்றார். எனக்குக் கை வேர்த்துச் சக்கரம் வழுக்கிக்கொண்டே இருந்தது. கரடியை வெறும் வயிற்றோடு மூடிப் பெட்டியில் வைத்துவிட்டேன். வெளியே பார்த்தால் எப்போதும்போல் சிரித்துக்கொண்டிருக்கிறது. நானும் அப்படித்தான் இருக்கிறேன்.

கடையில் ஐம்பதாவது வருடத்துக்காக எல்லாவற்றையும் முன்னால் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறோம். தாத்தா முதல் நாள் விற்ற சாமான்கள் மட்டும் ஒரு அலமாரி முழுக்க. பம்பரம், யோயோ, கோலி, ஸ்கிப்பிங் கயிறு, மரக்கட்டை, கண்ணாடித் துண்டு போட்ட வண்ணக்குழல். எல்லாமே இன்னும் விற்கிறது. “பேட்டரி போட்டது பத்து நாள், சாவி போட்டது பத்து வருஷம்”ன்னு அப்பா அட்டையில் எழுதி மாட்டியிருக்கிறார். நேற்று ஒருவர் பேரனுக்கென்று பம்பரம் வாங்கினார். “இப்பிடிப் பிடிக்கணும் பாரு”ன்னு கடை வாசலிலேயே விட ஆரம்பித்தார். அரை மணி நேரம் கழித்தும் அவர்தான் விட்டுக்கொண்டிருந்தார். பேரன் படியில் உட்கார்ந்து, “என் டர்ன் எப்போ வரும்?” என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய், “எனக்கும் ஒண்ணு குடுங்க அங்கிள்”ன்னு அப்பாவிடம் வந்தான். அப்பா சந்தோஷத்தில் அன்று முழுவதும் விசில் அடித்தார்.

இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் மனிதரை நான் 22ஆம் தேதி என்ன செய்யப் போகிறேனோ.

அத்தை, சக்கரத்தைக் கழற்றியபோது அதற்குப் பின்னால் வேறு ஒன்றும் கிடைத்தது. அதைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். இன்றைக்கு எழுதமாட்டேன். தப்பாக நினைக்காதீர்கள்.

சக்கரத்தைச் சீக்கிரம் அனுப்புங்கள்.

சுண்டெலி


ஜூன் 10

சுண்டெலிக்கு,

உன் சக்கரம் வந்தது. பட்டறையில் நோயாளி நம்பர் நாற்பத்தேழு என்று சீட்டு ஒட்டி வேலையில் சேர்த்துவிட்டேன். முதலாளி எடுத்துப் பார்த்து, “யாரும்மா இது, வாய் வட்டமா இருக்கு?” என்றார். “தூரத்துச் சொந்தம் சார்”ன்னு சொன்னேன்.

பித்தளையில் பல் ஒட்டாது. அதனால் பல் போன இடத்தில் ஊசிமுனை அளவு துளை போட்டுச் சின்னக் கம்பி நட்டு, அதன்மேல் மெழுகில் பல் செதுக்கி, பிளாஸ்டரில் அச்சு எடுத்து, எங்கள் பல் மாவை அடைத்து வேகவைத்தேன். மனிதன் இதை வைத்து முறுக்கே கடிக்கிறான், கரடி மத்தளம் அடிக்காதா? நிறம்தான் கொஞ்சம் யோசனை. பித்தளைக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று இருந்தால் கண்ணைக் குத்தும். டீ அதிகம் குடிக்கிறவர்களுக்கென்று ஒரு பழுப்பு வைத்திருக்கிறோம், அதில் போட்டிருக்கிறேன்.

மாட்டும்போது தேங்காய் எண்ணெய் வைக்காதே, பிசுக்கேறும். தையல்கார அக்காவிடம் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு கேள்.

“வேறு ஒன்றும் கிடைத்தது, இன்றைக்கு எழுதமாட்டேன்” என்று எழுதுகிறவளை நான் என்ன செய்வது? படித்ததிலிருந்து பல்லில் நார் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. என்னது அது? பூனை முடியா? பூனை முடியென்றால் சொல்லிவிடு, நான் அப்போதே சொன்னேன்.

உன் அப்பன் இன்னும் விசில் அடிக்கிறானா. ஒரே பாட்டு, அதிலும் பாதி. மாறவே இல்லை போல.

அத்தை


ஜூன் 13, இரவு பன்னிரண்டு இருக்கும்

அத்தை, பெரிய தப்பு நடந்துவிட்டது.

சக்கரம் பத்திரமாக வந்தது. பல் அவ்வளவு அழகாக இருக்கிறது, நான் அதற்கு ஒரு முத்தம் கொடுத்தேன். இன்று சாயங்காலம் அப்பா முடிவெட்டப் போயிருந்தார். மாட்டினேன், எண்ணெய் விட்டேன், திருகாணியை முடுக்கினேன், சாவியை ஒரே ஒரு சுற்றுச் சுற்றினேன்.

டம், டம், டம், டம்.

நான்கு! அத்தை, நான்கு அடிக்கிறது!

நான் உடைத்தது ஒரு பல். நீங்கள் கட்டியது இரண்டு! பழைய ஓட்டையையும் ஏன் அடைத்தீர்கள்? நானும் அனுப்பும்போது சொல்லவில்லை, பெட்டியில் வந்ததை எண்ணிப் பார்க்கவும் இல்லை, மாட்டும் அவசரத்தில் அழகை மட்டும் பார்த்தேன். இந்தத் தெருவில் எல்லோருக்கும் தொந்தி மூன்று அடிதான் அடிக்கும் என்று தெரியும். பள்ளிக்கூடத்தில் என் வகுப்புப் பையன்கள்கூட மேஜையில் அப்படித்தான் தட்டுவார்கள். 22ஆம் தேதி அது நான்கு அடித்தால், கெட்டுப்போய் நின்றதைவிட மோசம். கெட்டுப்போனால் தானாகக் கெட்டது என்று சொல்லலாம். தானாகச் சரியானது என்று எப்படிச் சொல்வது?

தயவுசெய்து அந்தப் பல்லை எடுத்துவிடுங்கள். சக்கரத்தைத் திரும்ப அனுப்பட்டுமா? அரத்தால் நானே ராவிப் பார்த்தேன். ஒரு கோடுகூட விழவில்லை, அரம்தான் மழுங்கியது.

இனி அந்த இன்னொரு விஷயம். எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது, எழுதினாலும் வராது என்று நினைக்கிறேன்.

சக்கரத்துக்குப் பின்னால் ஒரு காகிதம் இருந்தது. மிட்டாய்க் காகிதம் அளவு மடித்து, தகரத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் செருகியிருந்தது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்தது. பென்சில் எழுத்து, பெரிய பெரிய எழுத்து. அப்படியே எழுதுகிறேன்.

“நான்தான் தொந்தியை தொறந்தேன். பல்லு போச்சு. அக்கா இல்ல. சொன்னா அப்பா என்கூட பேச மாட்டாரு. அதனால சொல்லல. இத யாராச்சும் பாத்தா அக்காகிட்ட மட்டும் காட்டுங்க.”

கீழே பெயர் இல்லை. ஆனால் அப்பா இன்றைக்கும் கடை ரசீதில் “க” வை அதே மாதிரிதான் வால் நீட்டி எழுதுகிறார்.

இதைப் படித்த மறுநாள்தான் உங்களுக்குப் போன கடிதம் எழுதினேன், அதனால்தான் நீங்கள் உடைக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. உங்களிடம் சொன்னால் அப்பாவைக் காட்டிக்கொடுத்த மாதிரி. சொல்லாவிட்டால் அந்த எட்டு வயதுப் பையன் கேட்டதைச் செய்யாத மாதிரி. அவன் அக்காகிட்ட மட்டும் காட்டச் சொல்லியிருக்கிறான். நான் காட்டிவிட்டேன். அப்பா மேல் கோபப்படாதீர்கள். கோபம் வந்தால் என் மேல் படுங்கள், நான் எப்படியும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன்.

பல்லை என்ன செய்வது என்று உடனே எழுதுங்கள்.

சுண்டெலி


ஜூன் 16

என் சுண்டெலிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. உடனே பதில் எழுத முடியவில்லை. படித்துவிட்டு ஒருவருடைய மேல்வரிசைப் பல்லைக் கீழ்வரிசையில் மாட்டிவிட்டேன். முதலாளி, “என்னம்மா, ஆளைத் தலைகீழா நிக்க வெச்சுச் சாப்பிடச் சொல்லப் போறியா?” என்றார். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கோபம் வந்ததா என்றால், வந்தது. பொரியப் பொரிய வந்தது. அந்தத் தடியன் எட்டு வயதில் பயந்தான், சரி. ஆறு வருடத்துக்கு முன்னால் எல்லோர் முன்னாலும், “ஒரு தடவை உடைச்சது போதாதா”ன்னு கேட்டானே, அப்போது அவனுக்கு முப்பத்தேழு வயது! அதை நினைத்து நாலு முழுப் பக்கம் திட்டி எழுதினேன். பிறகு அந்தப் பென்சில் வரியைத் திரும்பப் படித்தேன். “அக்காகிட்ட மட்டும் காட்டுங்க.” நாலு பக்கத்தையும் கிழித்து, நீ சொன்ன மாதிரி இரண்டு தொட்டிகளில் போட்டேன்.

ஒரு பொய்யை ரொம்ப நாள் வைத்திருந்தால் அது சொந்த ஞாபகம் மாதிரி ஆகிவிடும் போல. அவன் அன்று என்னிடம் சண்டை போடவில்லை. தொந்தி என் கைக்கு வந்தால் நான் திறந்து பார்த்துவிடுவேன் என்று பயந்திருக்கிறான். கொடுத்திருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். மக்கு.

அந்தப் பூனைக்கும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அது போய்ச் சேர்ந்து முப்பது வருடம் இருக்கும். பாவம், செய்யாத தப்புக்கு எவ்வளவு ஏச்சு.

இப்போது உன் விஷயம். பல்லை எடுக்க முடியாது. நான் பல் கட்டுகிறவள், பிடுங்குவது டாக்டர் வேலை. வேண்டுமென்று அடைக்கவில்லை, சத்தியம். பதினெட்டு வருடமாக இந்தக் கை ஓட்டையைக் கண்டால் அடைத்தே பழகியது. அந்த இடம் காலியாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை.

ஆனால் யோசித்துப் பார். 22ஆம் தேதி தொந்தி நான்கு அடி அடிக்கும். உடனே உன் அப்பனுக்கு என்ன தெரியும்? யாரோ திறந்திருக்கிறார்கள் என்று தெரியும். திறந்தவர்கள் காகிதத்தைப் பார்த்திருப்பார்கள் என்றும் தெரியும். உள்ளே காகிதம் இருப்பது உலகத்திலேயே அவன் ஒருவனுக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அப்படியென்றால் அன்றைக்குப் பயப்பட வேண்டியது யார்? நீயா?

காகிதத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிடு. நீ எனக்குக் காட்டியது நகல்தான். அசலை அவன் காட்டட்டும்.

அவன் உன்னிடம் பேசாமல் இருந்தால் எனக்கு எழுது. நான் பேசிக்கொள்கிறேன். ஆறு வருடத்துக்குச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. 22 சனிக்கிழமை, அன்று வேலை முடிந்தால் இங்கிருந்து ஒரு பஸ் இருக்கிறது. இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறேன்.

அத்தை


ஜூன் 22, இரவு

அன்புள்ள அத்தைக்கு,

இதை நாளைக்குத்தான் தபாலில் போட முடியும். ஆனாலும் இப்போதே எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன். இன்றைக்கு டார்ச் வேண்டாம், விளக்கைப் போட்டுக்கொண்டே எழுதுகிறேன். ஆனாலும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது, பழக்கமாகிவிட்டது.

கடைக்கு உள்ளேயும் வெளியேயும் கூட்டம். தாத்தா காலத்தில் பம்பரம் வாங்கியவர்கள் பேரப்பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். பேரப்பிள்ளைகள் பொறுமையாக இருந்தார்கள், வந்த பெரியவர்கள்தான் வண்ணக்குழலுக்கு அடித்துக்கொண்டார்கள். பத்திரிகைக்காரர் அப்பாவைப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கவைத்தார். நான் அம்மாவின் பின்னால் நின்று அவர் புடவையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா, “என்னடி, ஊசி போட வந்த மாதிரி நிக்கிறே?” என்றார்.

அப்பா சாவியைத் திருகினார். கூட்டத்தில் எல்லோரும் விரலை மடக்கி எண்ணினார்கள், வழக்கம்போல. ஒண்ணு, ரெண்டு, மூணு...

டம்.

எல்லோரும் மடக்கிய விரலைத் திரும்பப் பார்த்தார்கள். பிறகு அப்படி ஒரு கைதட்டல்! “ஐம்பதாவது வருஷத்துக்குச் சரி பண்ணிட்டாருப்பா!” என்று யாரோ கத்தினார்கள். தையல்கார அக்கா வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு விசில் அடித்தார். அப்பா மட்டும் கைதட்டவில்லை. பெட்டியின் மேல் வைத்த கையை எடுக்கவும் இல்லை. பத்திரிகைக்காரர், “சார், கொஞ்சம் சிரிங்க” என்றார். அப்பா சிரித்தார். நாளைக்குப் பேப்பரில் பாருங்கள், பல்வலிக்காரர் சிரித்த மாதிரி இருக்கும். சிரித்துக்கொண்டே கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் முகத்தில் வந்து நின்றார்.

சாயங்காலம் ஷட்டரை இறக்கிய பிறகு, “சுண்டெலி, இங்க வா” என்றார்.

போனேன்.

மேஜையில் தொந்தி கவிழ்ந்து படுத்திருந்தது, முதுகு திறந்திருந்தது. அப்பா சக்கரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது என்ன நிறம்?”

“டீ குடிக்கிறவங்க பல்லு நிறம்ப்பா.”

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டேன். அப்பா இருமினாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சத்தம். பிறகு காகிதத்தை எடுத்தார். பிரிக்கவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

“நீ படிச்சியா?”

“படிச்சேன்.”

“அவ?”

“எழுதி அனுப்பினேன். அக்காகிட்ட மட்டும் காட்டச் சொல்லி இருந்துச்சுல்ல.”

ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. எனக்குள் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று எண்ண ஆரம்பித்துவிட்டேன். பத்தொன்பது வயது வரைக்கும் வந்துவிட்டேன். அப்போது கேட்டார்:

“என்ன சொன்னா?”

“பூனைகிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு சொன்னாங்க.”

அப்பா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நிமிர்ந்தபோது கண்ணெல்லாம் ஈரம். “அந்தப் பூனையா! அது எலியைக்கூடத் தொடாதுடி!” என்றார். நான் கேட்டேன், “என்கூடப் பேசுவீங்கல்ல?” என்று. “பேசிக்கிட்டுத்தானே இருக்கேன்” என்றார். அப்புறம், “நீயாவது மனுஷங்ககிட்ட சொன்னே. நான் போயும் போயும் ஒரு கரடிகிட்ட சொல்லி வெச்சேன்” என்றார்.

அம்மா மாடிப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். “கரடி வாயைத் திறக்க இவ்வளவு வருஷம் ஆச்சு. உங்க வீட்டு ஆளுங்களுக்கு எவ்வளவு ஆகுமோ”ன்னு சொல்லிவிட்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டார்.

சாப்பிட்ட பிறகு அப்பா உங்கள் முகவரியைக் கேட்டார். சொன்னேன். ஒன்பது மணியிலிருந்து ஹாலில் உட்கார்ந்து எழுதுகிறார். கிழிக்கிறார், எழுதுகிறார். கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். முன்னால் தொந்தியும் அந்தப் பென்சில் காகிதமும் இருக்கின்றன. “அக்கா” என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார். இதுவரை ஏழு “அக்கா” கிழித்துப் போட்டிருக்கிறார். நான் வேண்டுமானால் எழுதிக் கொடுக்கட்டுமா, எனக்கு இப்போது நல்ல பழக்கம் என்று சொல்லலாமா என்று நினைத்தேன்

அத்தை, மாடிப்படியில் யாரோ ஏறி வருகிறார்கள். அம்மா இல்லை, அம்மா காலையில்தான் வருவார். கதவுக்கு வெளியே நின்றுவிட்டார்கள். மூச்சு வாங்குகிற சத்தம் கேட்கிறது. தட்டுகிறார்கள்.

டம், டம், டம்.

அப்பாவின் நாற்காலி நகர்கிறது. கதவு வரைக்கும் போய்விட்டார். திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? அப்பா, தயவுசெய்து தி

டம்.